ஆண்டறிக்கை 2024–25: ஜவ்வாது மலையின் கப்பிப் பாதைகளும் நம் சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் மிதிவண்டிச் சங்கம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். போன வருடம் நான் ஒன்பது பக்கம் வாசித்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது பாதிப் பேர் டிபன் வரிசையில் நின்றதை மறக்கவில்லை. இந்த முறை ஒரே விஷயத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் பெயர் விவகாரம். தார் போடாத கப்பி, மண் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவதை ‘கிராவல் பயணம்’ என்று போட்டு நாம் அடித்த நோட்டீஸைக் கணியம்பாடி டீக்கடையில் ஒட்டினோம். இரண்டே நாளில் மூன்று பேர் போன் செய்து, ‘ஒரு லோடு என்ன விலை, யூனிட் கணக்கா டிராக்டர் கணக்கா’ என்று கேட்டார்கள். நம் ஊரில் கிராவல் என்றால் அஸ்திவாரத்துக்கும் ரோட்டுக்கும் கொட்டுகிற செம்மண் சரளை; பல இடங்களில் ராத்திரியில் திருட்டுத்தனமாக அள்ளுகிற சரக்கும் அதுதான். ஆகவே இனி அறிவிப்புகளில் ‘கப்பி ரோடு பயணம்’ என்றே போடலாம் என்று செயற்குழு முடிவு செய்தது. சைக்கிளைக் கிராவல் பைக் என்று சொல்லிக்கொள்வதில் தடையில்லை.

இந்த ஆண்டு ஒன்பது பயணம் திட்டமிட்டு ஏழு நடத்தினோம். மே மாதப் பயணத்தை வேலூர் வெயில் தின்றுவிட்டது. டிசம்பர் பயணத்தை ஃபெஞ்சல் புயல் தின்றது. நவம்பர் 30 அன்று புயல் கரையேறியது. மறுநாள் திருவண்ணாமலையில் மலை சரிந்து 7 பேர் புதைந்து இறந்தார்கள். மழை விட்டால் போய்விடலாம் என்று குழுவில் எழுதிய இரண்டு இளைஞர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மழை நின்ற பிறகும் சரிவில் ஊறிய மண் பல நாள் இளகித்தான் இருக்கும். கப்பி ரோட்டின் ஓரம் கீழே அரித்துப்போயிருப்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஏழில் நான்கு பயணம் அமிர்தி வழியாக. வேலூரிலிருந்து அமிர்தி ஏறக்குறைய 25 கி.மீ. வனவிலங்குப் பூங்காவைத் தாண்டியதும் காடு, அதற்குப்பின் ஏற்றம். நம்மியம்பட்டுப் பக்கம் போனால் தார் ரோட்டை விட்டுப் பிரியும் பாதைகள் கிடைக்கும். மாட்டுவண்டித் தடம், பஞ்சாயத்து போட்ட கப்பி ரோடு, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஓடும் செம்மண் தடம் என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. இரண்டு பயணம் ஆலங்காயத்திலிருந்து காவலூர் ஏறி ஜமுனாமரத்தூர் போய் வந்தது. ஒன்று மட்டும் திருப்பத்தூர் பக்கம், புதூர்நாடு. மலை ஒன்றுதான் என்றாலும் அது வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டத்தில் கிடக்கிறது. காப்புக்காட்டுக்குள் போகும் தடத்துக்கு அனுமதி கேட்க வேண்டுமென்றால் முதலில் எந்த மரம் எந்த வனக்கோட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் கொடுத்த மூன்று மனுவில் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது, ஒன்று மறுக்கப்பட்டது. மூன்றாவதைப் பற்றிக் கேட்கப்போனபோது, ‘சைக்கிளா, மோட்டார் சைக்கிளா’ என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். பதில் இன்னும் வரவில்லை. மலையேறப் போனவர்கள் பலர் இறந்த 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு கெடுபிடி அதிகம்தான், அதில் எனக்குக் குறையில்லை. பிப்ரவரி முதல் மே வரை காட்டுத் தடம் எதிலும் நாம் நுழைவதில்லை என்ற விதி தொடர்கிறது.

காவலூர்ப் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த வான் ஆய்வகத்துக்குச் சனிக்கிழமை மாலை போய்ச் சேரும்படி திட்டமிட்டோம். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று காட்டிய 1977 மார்ச் 10 அவதானிப்பில் அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்பு பெயர். அங்கே ஆய்வகம் வைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இருட்டு. நம் ஆட்களில் சிலர் ஆயிரம் லூமன் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு வளைவு வளைவாக ஏறியதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அடுத்த முறை ஆய்வகத்தை நெருங்கும்போது விளக்கைத் தாழ்த்தி, தரையை மட்டும் காட்டும்படி வைக்க வேண்டும்.

இனி நான் விரிவாகச் சொல்ல வந்தது. நம்மியம்பட்டுக்கு மேலே ‘புளியமர இறக்கம்’ என்று நாமே பெயர் வைத்திருந்த துண்டு உங்களுக்கு நினைவிருக்கும். 4 கி.மீ. கப்பி, இரண்டு பக்கமும் புளி, கடைசியில் ஒரு ஓடை. ஆகஸ்டில் போனபோது அது தார் ரோடாகியிருந்தது. இப்படி நம் வரைபடத்தில் இருந்த பதினொரு துண்டுகளில் நான்கு இந்த இரண்டு வருடத்தில் தாருக்குள் போய்விட்டன. செப்டம்பர் செயற்குழுவில், மலையின் இயற்கைத் தன்மை கெடுகிறது, மண் பாதைகளைச் சுற்றுலாவுக்காக அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று ஆட்சியருக்கு மனு எழுதலாம் என ஒரு யோசனை வந்தது. வரைவும் தயாராக இருந்தது. செயலாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட மறுத்தேன். அதற்கான காரணத்தை அன்று சரியாகச் சொல்லவில்லை என்று சிலருக்கு வருத்தம். இன்று சொல்கிறேன்.

2023 மே மாதம், இதே வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு சரியில்லாததால் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போக முடியவில்லை. குழந்தை இறந்த பிறகு உடலையும் தாய் கையில் ஏந்திக்கொண்டே மலை ஏறி நடந்தார். எல்லாப் பத்திரிகையிலும் வந்த செய்தி. அந்த மாதிரிப் பாதையைத்தான் நாம் கையடக்கக் கருவியில் ‘அருமையான தடம்’ என்று நட்சத்திரம் போட்டுக் குறிக்கிறோம். ஓட்டுவதில் தப்பில்லை. அதை அப்படியே வைத்திருங்கள் என்று கேட்க நாம் யார்?

சட்டம் தெரிந்த உறுப்பினர் ஒருவர் விளக்கியதையும் பதிவு செய்கிறேன். மலையில் பல தடங்கள் இன்னும் கப்பியாகவே இருப்பதற்கு நிலம் வனத்துறையுடையது என்பதும் ஒரு காரணம். வன உரிமைச் சட்டம் 2006இன் 3(2) பிரிவுப்படி, கிராம சபை பரிந்துரைத்தால் ரோடு, பள்ளி, மருந்தகம் போன்ற வசதி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தைத் தரலாம். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது. ஆக, அந்த ரோடு வேண்டும் என்று கேட்டுத் தீர்மானம் போட்டிருப்பது மலையில் குடியிருக்கும் சபைதான். வேலூரிலிருந்து எதிர்மனு போனால் அதை வாசிக்கிறவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

புளியமர இறக்கத்தின் அடியில் கடை வைத்திருக்கும் பெரியவரிடம், ‘ரோடு போட்டுட்டாங்களே அண்ணே’ என்று நம்மவர் ஒருவர் சலித்துக்கொண்டார். ‘ஆமாம் தம்பி, சாமை அடிக்கக் களம் இல்லாம இருந்துச்சி, இப்ப இருக்குது’ என்றார் அவர். அவருக்குச் சலிப்பு புரியவே இல்லை. அறுப்புக் காலத்தில் நாங்கள் திரும்பப் போனபோது ரோட்டின் பாதி அகலத்துக்குச் சாமைத்தாள் பரப்பியிருந்தது. வருகிற போகிற வண்டி ஏறி மணி உதிர வேண்டும் என்பது கணக்கு. நம் பொருளாளர் இறக்கத்தில் வேகமாக வந்து அந்தத் தாளின் மேல் பிரேக் பிடித்தார். கப்பியில் நான்கு வருடம் விழாத மனிதர், புது தார் ரோட்டில் சாமைக்கட்டின் மேல் குப்புற விழுந்தார். முழங்கை சிராய்ப்பு மட்டும். ஒரு அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டு, கலைந்த தாளை மறுபடி பரப்பிக் கொடுக்கச் சொன்னார். எல்லோரும் குனிந்து பரப்பினோம். இந்த ஆண்டின் சமூகப் பணி என்ற தலைப்பில் வேறு எதுவும் இல்லாததால் இதையே எழுதிக்கொள்கிறேன்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. ஆண்டில் பதிவான பஞ்சர்களில் பெரும்பாலானவை கல்லால் வந்தவை அல்ல. அடிவாரத்து நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் செய்த வேலை. டியூப் இல்லாத டயரில் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் ஊற்றியிருந்தவர்களுக்குத் தொல்லை குறைவு. ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றிப் பாருங்கள். 40 மி.மீ. டயரில் சாலைக் கணக்குக்குக் கல் மாதிரி காற்றடித்து வந்தவர்களுக்குக் கப்பியில் கை மரத்துப்போனது. காற்றழுத்தத்தை 35 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்கிய பிறகுதான் வண்டி அவர்கள் சொன்னபடி கேட்டது. பாதிப் பேர் இன்னும் பழைய எம்டிபியில்தான் (மலைச் சைக்கிள்) வருகிறார்கள், சிலரிடம் அப்பா காலத்து கறுப்பு சைக்கிளும் இருக்கிறது. கிராவல் பைக் இருந்தால்தான் உறுப்பினர் என்ற பேச்சுக்கு இடமில்லை. மாலை 5 மணிக்குள் காட்டுத் தடத்தை விட்டு வெளியேறும் விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். கரடி நடமாட்டம் உண்டு. கரடிக்கு நம் பெல் சத்தம் பழக்கமில்லை.

வரவு செலவைப் பொருளாளர் முழங்கையைத் தாங்கிக்கொண்டே தனியாக வாசிப்பார். 46 உறுப்பினரில் 31 பேர்தான் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். பெயர் படிக்கவில்லை, முகம் தெரிகிறது.

வரும் ஆண்டுக்கு இரண்டு யோசனை. ஒன்று, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு பக்கம் இன்னும் நாம் முழுதாகப் பார்க்காத தடங்களை, உள்ளூர் ஆட்களிடம் கேட்டு, அவர்கள் கூட வந்து காட்டினால் மட்டும் வரைபடத்தில் சேர்ப்பது. வருகிறவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்துவிடுவது. இரண்டு, மதியச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகாமல் மேலேயே சொல்லிவைத்துச் சமைக்கச் சொல்வது. சாமைச் சோறும் கொள்ளு ரசமும் நாம் தூக்கிப் போகும் ஆறிய புளிசாதத்தைவிட மேல் என்பதில் செயற்குழுவில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

தீர்மானம்: மலை ஊர்களுக்கு ரோடு போடுவதை எதிர்த்து நம் சங்கத்தின் பெயரில் எந்த மனுவும் கொடுப்பதில்லை. தார் ஏறிய நான்கு துண்டுகளையும் வரைபடத்திலிருந்து நீக்காமல் ‘தார்’ என்று குறித்து வைத்துக்கொள்வது. இதை நான் முன்மொழிகிறேன். மனுவின் வரைவை எழுதிய நண்பரே வழிமொழிய ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகஸ்டிலிருந்து காணாமல் போயிருக்கும் சங்கத்தின் தரை பம்ப்பை யார் வைத்திருந்தாலும் வாக்கெடுப்பு முடிந்ததும் என்னிடம் தனியாகச் சொல்லலாம்.

செயலாளர்