தேரியில் ஜீப்பும் அருவியில் கலங்கல் தண்ணீரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கான சுற்றுலாப் பக்கத்தில் குற்றாலத்தையும் எங்கள் ஊர்ச் செம்மணல் மேடுகளான தேரியையும் அடுத்தடுத்துப் போட்டிருந்தீர்கள். நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கம், தேரி ஓரத்தில். வாழ்க்கைப்பட்டு வந்தது தென்காசிக்கு. என் இரண்டு வீட்டையும் ஒரே பக்கத்தில் பார்த்த சந்தோஷம் எனக்கு. ஆனால் தேரிப் படத்துக்கு மேலே 'செம்மணல் பாலைவனம்' என்றும், கீழே 'ஜீப் சவாரிக்கு ஏற்ற இடம்' என்றும் இருந்ததைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேரியைப் பாலைவனம் என்று சொல்லாதீர்கள். மணல் மணிகளின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. எவ்வளவு மழை பெய்தாலும் தேரி மேல் தண்ணீர் ஓடிப் பார்க்க முடியாது, அப்படியே உள்ளே இறங்கிவிடும். கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்ததில்லை. மேலப்புதுக்குடியில் தேரிக்கு நடுவே இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். சாமி பெயரிலேயே சுனை இருக்கிறது. பனையும் கொல்லாமரமும் (முந்திரி) உடைமரமும் அந்த ஈரத்தை நம்பித்தான் நிற்கின்றன.

போன ஆனி மாதம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, காலையில் பேரனைக் கூட்டிக்கொண்டு தேரிக்கு நடந்தேன். நான்கு ஜீப்புகள் மேட்டில் ஏறுவதும் சறுக்கி இறங்குவதுமாக இருந்தன. அவை போன பிறகு கிட்டப் போய்ப் பார்த்தோம். டயர் சுற்றிய இடத்தில் மணலைப் பிடித்துக்கொண்டிருந்த புல் வேரோடு பிடுங்கிக் கிடந்தது. முழங்கால் உயரக் கொல்லாங்கன்று ஒன்று நசுங்கி, முறிந்த இடத்தில் பால் வடிந்து அதில் மணல் அப்பியிருந்தது. இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். ஆடிக் காற்றில் தேரிக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மணல் ஊசி மாதிரி கெண்டைக்காலில் குத்தும். புல்லும் புதரும் போன மேட்டை அந்தக் காற்று அப்படியே தூக்கிப் பக்கத்து முருங்கைத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிடும். அப்புறம் அந்தத் தோட்டக்காரர் என்ன செய்வார்?

இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தேரிகளில் கிடைத்த கற்காலச் சிறு கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்ற இரண்டு அறிஞர்கள் 1956-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். விரல் நகம் அளவே உள்ள கற்சில்லுகள் அவை. எந்த மேட்டில், எந்த அடுக்கில் கிடந்தன என்பதை வைத்துத்தான் அவற்றின் காலத்தைக் கணக்கிட முடியும். அதன் மேல் நாலு சக்கர வண்டியை ஓட்டினால் மேலே கிடப்பது எது, கீழே கிடப்பது எது?

தேரிக்கு யாரும் வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நிறையப் பேர் வர வேண்டும், வெயில் ஏறுவதற்குள் வந்து வெறுங்காலோடு நடந்து பார்க்க வேண்டும். வண்டி தார்ச் சாலையோடு நிற்கட்டும். உள்ளே கூட்டிப்போக எங்கள் ஊர்ப் பனையேறிகள் இருக்கிறார்கள். பதநீர் சீசன் முடிந்தால் அவர்களில் பாதிப் பேருக்கு வேலை கிடையாது. எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும் இடத்தில், ஒற்றைப் பனையை அடையாளம் வைத்து வழி கண்டுபிடிக்க அவர்களுக்குத்தான் தெரியும். வனத்துறை இரண்டு நாள் பயிற்சியும் ஓர் அடையாள அட்டையும் கொடுத்தால் போதும்.

குற்றால விஷயத்தில் எனக்கு இதைவிடக் கவலை அதிகம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அருவிக்கரையில் பெய்யும் மழையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. மலைக்கு மேலே கொட்டுகிற மழைதான் சற்று நேரத்தில் கீழே வந்து சேரும். நாம் குளிக்கிற இடத்தில் வெயிலே அடித்துக்கொண்டிருக்கலாம்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தோம். என் மாமியார் சட்டென்று என் கையைப் பிடித்து, "ஏளா, வெளிய வா, தண்ணி நெறம் மாறுது" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் காட்டிய பிறகுதான் பார்த்தேன். வெள்ளையாக விழுந்த தண்ணீரில் லேசாகக் காப்பி நிறம், கூடவே சருகும் சுள்ளியும். துணிகளை எடுத்துக்கொண்டு படியேறி நிற்பதற்குள் அருவியின் சத்தமே மாறிவிட்டது. நாங்கள் நின்று குளித்த பாறை தெரியவில்லை.

தென்காசிக்காரர்கள் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியும். சென்னையிலிருந்தும் கேரளாவிலிருந்தும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு யார் சொல்வது? பேரருவியில் பாதுகாப்பு வளைவை (ஆர்ச்) தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்புவார். அது நல்ல காரியம்தான், ஆனால் அந்த விசில் வெள்ளம் வந்த பிறகு கேட்கிற விசில். அருவிகளுக்கு மேலே நீர்வரத்துப் பாதையில் ஆட்கள் குளிக்க வரும் நாளெல்லாம் ஒரு காவலர் இருக்க வேண்டும். அவர் பொத்தானை அழுத்தினால் கீழே சைரன் அலற வேண்டும். ஒலிபெருக்கி அறிவிப்பு தமிழிலும் மலையாளத்திலும் வர வேண்டும். ஜூனில் தொடங்கும் சாரல் காலத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது, அந்தப் பையன் போனது மே மாதத்தில்.

மலைக்கு மேலே இருக்கும் தேனருவிக்கு இரகசியமாக ஏறிப் போய் வீடியோ எடுத்துப் போடும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ஏதாவது நடந்தால் உங்களைத் தூக்கிக்கொண்டு வர மேலே ஒரு ஆளும் இருக்க மாட்டார், தயவுசெய்து ஏறாதீர்கள்.

ஆசிரியர் அவர்களே, ஆனி பிறந்ததும் நீங்கள் மறுபடி குற்றாலச் சிறப்புப் பக்கம் போடுவீர்கள். அதில் படங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு கட்டம் போட்டு, 'தண்ணீர் கலங்கினால், சருகு மிதந்து வந்தால், சத்தம் மாறினால் யாரும் சொல்லும்வரை காத்திருக்காமல் வெளியே வந்துவிடுங்கள்' என்று அச்சிடுங்கள். தேரிப் படத்துக்குக் கீழே அந்த ஜீப் வரியை எடுத்துவிட்டு, 'நடந்து பார்க்க வேண்டிய இடம்' என்று போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தென்காசி