கேப்டன் சார்

உதகமண்டலம்

அன்புள்ள நண்பா,

கேப்டன் சார் போய்விட்ட சேதியைப் போனில் சொன்ன அன்று உன்னாலும் பேச முடியவில்லை, எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் கடிதம்.

கேப்டன் சாரின் காரியம் நல்லபடியாக நடந்தது. பெரியவள் கோவையிலிருந்து இரவோடு இரவாக வந்துவிட்டாள். சின்னவள் வந்துசேர மறுநாள் மதியம் ஆகிவிட்டது. கொள்ளி வைத்தது பெரியவள்தான். உறவுக்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். "அப்பா எங்ககிட்டதான் சொல்லிட்டுப் போயிருக்கார்" என்றாள். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.

வெலிங்டன், குன்னூர் பக்கமிருந்து ராணுவப் பொறியாளர் படையின் பழைய மெட்ராஸ் சாப்பர்கள் சிலர் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் எழுபது தாண்டியிருக்கும். சாரலில் குடைகூடப் பிடிக்காமல் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். அதில் ஒருவர் 1971 பாகிஸ்தான் போரில் சாரோடு ஷகர்கர் முனையில் இருந்தவராம். நாம் எத்தனை தரம் கேட்டும் சார் வாய் திறக்காத கதையை அவர்தான் சொன்னார். டிசம்பர் 15 ராத்திரி, பசந்தர் ஆறு. கண்ணிவெடி புதைத்த நிலத்தில் டாங்கிகளுக்கு வழி திறக்கும் வேலை 9-வது இன்ஜினியர் ரெஜிமென்ட்டுக்கு. பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டே இருந்திருக்கின்றன. வழி பாதிதான் திறந்திருந்தது. எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரிந்ததும் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் காத்திருக்காமல் மிச்சத்தையும் தாண்டிப் போய்விட்டன. அடுத்த நாள் அந்தக் களத்தில்தான் 21 வயது அருண் கேத்தர்பால் உயிரை விட்டார், இறந்தபின் பரம் வீர் சக்ரா பெற்றவர். நம்ம சார் அப்போது லெப்டினன்ட். தன் ஆட்களைப் பின்னால் நிறுத்திவிட்டு, முட்டி போட்டு மண்ணைக் கம்பியால் குத்திப் பார்த்தபடி முதலில் போனது அவர்தானாம்.

கேட்டதும் எனக்கு நம் மின்வாரிய நாட்களின் கிளென்மார்கன்தான் கண்ணில் வந்தது. ஷட்டவுன் எடுத்து, மலையிலிருந்து தண்ணீர் இறக்கும் பெருங்குழாயான பென்ஸ்டாக்கில் தண்ணீரை வடித்துவிட்டால், உள்ளே முதலில் இறங்குவது யார்? 1932-லிருந்து தண்ணீர் சுமக்கும் திட்டம். 3,000 அடிக்கு மேல் இறங்கி வந்து டர்பைனின் பெல்டன் சக்கரத்தில் மோதும் தண்ணீரின் வேகம் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. மேலே வால்வைத் தானே போய்ப் பார்த்து, வேலை தொடங்கலாம் என்ற லைன் கிளியர் சீட்டில் கையெழுத்துப் போட்டு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் இறங்குவார். சுத்தியலால் தட்டித் தட்டி ஓசை கேட்டபடி போவார். "வாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தால்தான் ஹெல்பர்கள் காலடி வைப்பார்கள். ஆளை அனுப்புகிறவன் முதலில் தான் போய்ப் பார்க்கவேண்டும் என்பதில் எனக்கு இன்றுவரை மாற்றுக்கருத்து கிடையாது. கையெழுத்தோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற பொறியாளர்களைப் பார்த்தால் இப்போதும் கோபம் வருகிறது.

சாரின் மனைவி, நம் அக்கா, போனபிறகு சிங்காரா குவார்ட்டர்ஸில் இரண்டு பெண் குழந்தைகளோடு அவர் தனியாக இருந்த காலத்தில் நீ மாற்றலாகிப் போய்விட்டாய். ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் சைட்டுக்கு எடுத்துப்போகும் அதே சின்ன நோட்டு. என் மனைவியிடம், "அம்மா, பெரியவளுக்கு வயசு வந்துடும் போல. தாய் இருந்தா சொல்லியிருப்பா. நான் என்ன வாங்கி வைக்கணும், எப்படிச் சொல்லணும்னு சொல்லுங்க" என்றார். இவள் சொல்லச் சொல்ல அப்படியே குறித்துக்கொண்டார். துளிக் கூச்சமில்லை. அவர் போனபிறகு இவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பதவி உயர்வோடு சென்னைக்குப் போகச் சொன்னபோது, சின்னவள் பத்தாவது முடிக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜூனியர்கள் தாண்டிப் போனார்கள். அதைப்பற்றி ஒரு வார்த்தை குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

பெரியவள் இப்போது நம் வாரியத்திலேயே இன்ஜினியர். குந்தாவில் வரும் 500 மெகாவாட் நீரேற்று மின்நிலையத்தைப் பற்றி அவளிடம் கேட்டபடியே இருப்பாராம். சுரங்கத்துக்குள் காற்றோட்டம் எப்படி, யார் முதலில் போகிறார்கள், இதுதான் கேள்வி.

பதினாறாம் நாளுக்கு வரப் பார். மேட்டுப்பாளையம் வந்ததும் போன் போடு, ஆள் அனுப்புகிறேன். மூட்டுவலியோடு மலை ஏற முடியாதென்றால் வற்புறுத்தமாட்டேன். ஆனால் ஒன்று செய்யவேண்டும். அந்தப் பெருமழையில் நீயும் சாரும் மட்டும் ராத்திரியில் ஷட்டர் திறக்கப் போனீர்களே, அதைச் சின்னவள் என்னிடம் கேட்டாள். அப்போது அவள் கைக்குழந்தை. எனக்குத் தெரிந்தது பாதிதான். நடந்தது நடந்தபடி நீயே உன் கையால் அவளுக்கு எழுதி அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்