நீர்வெட்டு முடியும் நேரம் வேறு, தண்ணீர் வரும் நேரம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

"காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை நீர்வெட்டு" என்று அறிவித்தல் வந்தால், ஒழுங்கைக் கடைசியில் குடியிருப்பவர்கள் அந்த 5 மணியை நம்புவதில்லை. அவர்களுக்குத் தண்ணீர் எட்டுவது இரவு பத்துக்கோ, மறுநாள் விடியவோதான். 5 மணி என்பது பிரதான வால்வைத் திறக்கும் நேரம். அதற்குப் பிறகு நடப்பது அறிவித்தலில் வருவதே இல்லை.

உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பின் கரையோர ஊர்களுக்கு வருகிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்த மணல் நிலத்தில் மேடு பள்ளம் அதிகம் இல்லை. அதனால் யாருக்கு முதலில் தண்ணீர் என்பதைத் தூரந்தான் தீர்மானிக்கிறது. பல ஒழுங்கைகள் வாவிக்கரையோடோ கடற்கரையோடோ முடிந்துவிடும். குழாயும் அங்கேயே மூடியோடு நிற்கும், மறுபக்கத்தால் தண்ணீர் வர வழியில்லை.

குழாயை நிரப்புவது பெரிய வேலை அல்ல. 110 மில்லிமீற்றர் பீ.வீ.சி. குழாய் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 8,000 லீற்றர்தான் பிடிக்கும். தண்ணீரை விழுங்குபவை கூரைத் தாங்கிகள். நூறு வீடுகளில் 1,000 லீற்றர் தாங்கி பாதி இறங்கியிருந்தால் அதுவே 50,000 லீற்றர். தாங்கி நிரம்பினால் தானாக மூடும் மிதவை வால்வுகள் எல்லாம் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்து கிடக்கும். முன்வீட்டுத் தாங்கிகள் நிரம்பி மிதவை மேலே வரும்வரை பின்வீடுகளுக்கு அழுத்தம் போய்ச் சேராது. அதுவும் குளிப்பும் சமையலும் நடக்கும் மாலை நேரம்.

இதற்கிடையில் சிலர் மோட்டரை நேரே வீதிக் குழாயோடு பூட்டி இழுக்கிறார்கள். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். குழாயின் உள் அழுத்தம் வெளி அழுத்தத்தைவிடக் குறைந்தால், கசியும் பொருத்துகளால் வெளித்தண்ணீர் உள்ளே இழுபடும். மார்கழி மழையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் காலத்தில் அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதற்கு, மலசலகூடக் குழிகள் குழாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று பார்த்தாலே போதும். மோட்டர் வேண்டுமென்றால் கீழே ஒரு தொட்டி கட்டி, குழாய் நீரை அதில் விழவிட்டு, அங்கிருந்து இழுக்கலாம்.

குழாயில் அடைபட்ட காற்றுக்கும் ஒரு வழி வேண்டும். முனையில் காற்றை வெளியேற்றும் காற்று வால்வோ, குழாயை வடியவிடும் கழிவு வால்வோ இல்லாத ஒழுங்கையில் கடைசி வீட்டுக் குழாய்தான் அந்த வேலையைச் செய்கிறது. காற்றும் மீற்றரைச் சுழற்றும். ஆக, தண்ணீர் கடைசியாக வந்த வீட்டுக்காரர் காற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்! பின்னால் வருவது கலங்கல். அடியில் படிந்த மண்ணும் இரும்புக் கறையும் திடீர் ஓட்டத்தில் கிளம்பி நேரே தாங்கிக்குள் போய் இறங்கும்.

வீடுகளில் செய்யக்கூடியது சிறிய வேலைதான். நீர்வெட்டு தொடங்கியதும் மீற்றருக்கு அருகிலுள்ள வால்வைப் பூட்டுங்கள். வாளிக்குள் முங்கிக் கிடக்கும் குழாயையும் வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாளித் தண்ணீர் திரும்பி இழுபடும். தண்ணீர் வந்ததும் தாங்கிக்குப் போகும் வால்வைப் பூட்டிவைத்துக்கொண்டு மீற்றர் வால்வைத் திறந்து, முற்றத்துக் குழாயை மெதுவாகத் திறந்து தெளியும்வரை ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீர் தென்னைக்குப் போகட்டும்.

மற்றவை நீர் வழங்கல் சபையின் கையில். அறிவித்தலில் "மட்டக்களப்பும் அதனை அண்டிய பகுதிகளும்" என்று எழுதாமல் வால்வு வலயங்களின்படி (ஒரு வால்வைப் பூட்டினால் தண்ணீர் நிற்கும் பகுதி ஒரு வலயம்) ஊர்ப்பெயரும் வீதிப்பெயரும் போட வேண்டும். வால்வு திறக்கும் நேரத்தோடு ஒழுங்கை முடிவில் தண்ணீர் எதிர்பார்க்கக்கூடிய நேரத்தையும் தனியாக எழுத வேண்டும். விநியோகம் தொடங்கும் முதல் சில மணித்தியாலங்களுக்கு முன்வலய வால்வுகளைப் பாதி பூட்டி வைத்தால் கடைசி வலயத்துக்கும் அழுத்தம் போகும். இதற்குப் புதுக் குழாய் தேவையில்லை, வால்வுச் சாவியோடு ஆள் போனால் சரி. கடைசி முனைகளில் கழிவு வால்வு பொருத்தி, வீடுகளுக்கு விடுமுன் கலங்கலை வடியவிட வேண்டும். வெளியேறும் நீரில், கிருமி கொல்லச் சேர்த்ததில் எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் வரும்வரை அந்த வால்வைப் பூட்டக்கூடாது.

வலயவாரியான இந்த நேரங்கள் எழுத்தில் இருந்தால், சபையின் 1939 இலக்கத்துக்கு அழைத்து "எங்கட ஒழுங்கைக்கு எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்பவருக்கும் அதையே பார்த்துச் சொல்லலாம்.

இப்படிக்கு,
குழாய்ப் பொருத்துநர் ஒருவர்,
ஆரையம்பதி.