கண்ணாடி ஸ்டாண்டு நிற்கும் தரையையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணாடி ஷீட்டுகள் சரிந்து தொழிலாளி இறந்தார் என்ற செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது ஒரு சிறு பெட்டிக்குள் வந்து போகிறது. அதில் 'எதிர்பாராத விதமாக' என்ற சொல் தவறாமல் இடம்பெறும். கவனக்குறைவே காரணம் என்று நிர்வாகத் தரப்பு கூறியதாகவும் சில நேரம் ஒரு வரி இருக்கும். கண்ணாடி வெட்டும் கூடங்களில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த 'எதிர்பாராத' என்ற சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் கண்ணால் கண்ட சரிவுகளில் பெரும்பாலானவை தரையில் தொடங்கியவை. தரையோ ஒரே நாளில் மேடு பள்ளமாகிவிடுவதில்லை. பல மாதங்களாக எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள்.

முதலில் எடையைச் சொல்லிவிடுகிறேன். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சதுர மீட்டர் கண்ணாடி 2.5 கிலோ எடை இருக்கும். அந்தக் கணக்கில், 3.66 மீட்டர் நீளமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட 6 மில்லிமீட்டர் ஷீட் ஒன்று ஏறத்தாழ 134 கிலோ. ஸ்டாண்டின் ஒரு பக்கத்தில் இருபது ஷீட்டுகளை அடுக்கினால் இரண்டரை டன்னைத் தாண்டிவிடும்; ஆனால் அந்த அடுக்கின் தடிமன் 12 சென்டிமீட்டர்தான். அதாவது, ஓர் ஆளைவிட உயரமான, ஒரு சிறிய லாரியின் சுமைக்கு ஈடான ஒரு சுவர், அரைச் சாண் அகல அடிப்பாகத்தின் மேல் நிற்கிறது. அதை நிற்க வைத்திருப்பது அதன் சாய்வு ஒன்றுதான்.

ஏ வடிவ ஸ்டாண்டு செய்பவர்கள் வழக்கமாகச் செங்குத்திலிருந்து 5 அல்லது 6 பாகை சாய்வு கொடுத்துத்தான் செய்கிறார்கள். 5 பாகைச் சாய்வில், நான் சொன்ன அந்த ஷீட்டின் எடை மையம் அதன் கீழ் விளிம்பிலிருந்து 10.6 சென்டிமீட்டர் பின்னால் விழுகிறது. அந்தப் பத்தரை சென்டிமீட்டர்தான் முன்னால் நிற்கும் தொழிலாளியின் பாதுகாப்பு. பட்டறையில் 5 பாகைக்குச் செய்து அனுப்பிய ஸ்டாண்டு, நம் கூடத்துத் தரையிலும் 5 பாகையாகவே நிற்கும் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. சாய்வு தூக்குக்குண்டின் நூலுக்கு எதிராகக் கணக்கிடப்பட வேண்டியது. தரைக்கு எதிராக அன்று. முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளி இருந்து, முன்கால்கள் நிற்கும் இடம் மூன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும், 2 பாகை போய்விடும். எடை மையம் இப்போது கீழ் விளிம்பிலிருந்து 6.4 சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. இரு பக்கமும் அடுக்கும் ஸ்டாண்டில் ஒரு பக்கம் இழந்த சாய்வு மறுபக்கத்தில் கூடுகிறது என்பது உண்மைதான்; இழந்த பக்கத்தில் வேலை செய்பவருக்கு அதனால் என்ன பயன்?

இதில் மிகவும் ஆபத்தான வேலை, அடுக்கின் உள்ளே இருக்கும் ஒரு ஷீட்டை எடுப்பதற்காக முன்னால் உள்ளவற்றைப் புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் முன்னோக்கிச் சாய்த்துப் பிடித்துக்கொள்வது. பத்து ஷீட்டுகளைச் செங்குத்தாக நிறுத்திப் பிடிக்க ஒரு விரல் போதும். அதனால்தான் இது எளிய வேலையாகத் தோன்றுகிறது. செங்குத்தைத் தாண்டி 5 பாகை முன்னால் வந்துவிட்டால், கீழ் விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கை வைத்துத் தாங்குபவர் 95 கிலோ விசைக்கு ஈடு கொடுக்க வேண்டும். 10 பாகை வந்தால் 190 கிலோ. இரண்டுக்கும் நடுவே யோசிக்க நேரம் கிடைக்காது. இந்த முறையையே ஒழிக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து; ஒவ்வோர் அளவையும் ஒவ்வொரு தடிமனையும் ஸ்டாண்டில் தடுத்த தனித்தனி அறைகளில் நிறுத்தினால் புரட்ட வேண்டிய தேவையே வராது. ஆனால் புரட்டும் கூடங்கள் இன்னும் இருக்கின்றன. பழகிய கைக்கு, எவ்வளவு இழுத்தால் செங்குத்து வரும் என்று தெரியும். அந்தக் கணக்கு கண்ணில் இல்லை, தோளில் இருக்கிறது. தரை சாய்ந்த இடத்துக்கு ஸ்டாண்டை மாற்றி வைத்தால், அந்தப் பழக்கமே ஆளை ஏமாற்றிவிடுகிறது. வழக்கமான தூரத்துக்கு இழுப்பதற்குள் அடுக்கு செங்குத்தைக் கடந்திருக்கும். கவனக்குறைவு என்று எழுதப்படும் பல விபத்துகளில் ஆள் வழக்கத்தைவிடக் கவனமாகவே வேலை செய்திருப்பார் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

தரை சமமில்லாத இடத்தில் நான்கு கால் ஸ்டாண்டு மூன்று காலில்தான் நிற்கும். நான்காவது காலுக்கு அடியில் ஏதாவது செருகுவார்கள். மரத்துண்டு, மடித்த அட்டை, பழைய ரப்பர் என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் வெட்டிப்போட்ட கண்ணாடித் துண்டையே செருகியிருந்தார்கள். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கூடத்தில் ஒரு ஸ்டாண்டின் காலுக்கு அடியில் ஒரு மர ஆப்பு இருந்தது. பக்கத்தில் ஃபோர்க்லிப்ட் போகும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அந்த வழியாகப் போகிறவர் செருப்புக் காலால் ஓர் உதை கொடுத்து உள்ளே தள்ளிவிட்டுப் போவார். மூன்று ஆண்டுகள் இப்படியே நடந்தது. ஆப்பு விலகிய நாள்களில் ஸ்டாண்டின் சட்டம் முறுக்கிக்கொண்டு, பின்புறத் தாங்கு பட்டைகள் ஒரே தளத்தில் இல்லாமல் போய்விடும். அடுக்கு முழுவதும் ஒரு மூலையில் போய் அழுந்தும். மாலையில் நன்றாக இருந்த ஷீட் காலையில் குறுக்கே விரிசல் விட்டிருக்கும். யாரும் தொடவில்லையே என்று இரவுக் காவலரைத் திட்டுவார்கள்.

இத்தனைக்கும், உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுக் கண்ணாடியைச் சமமாக்கும் முறை 1959-இல் அறிவிக்கப்பட்ட பிறகு, நம் கைக்கு வரும் பொருள்களிலேயே மிகச் சமமானவற்றுள் ஒன்றாகக் கண்ணாடி ஆகிவிட்டது. அதைக் கொண்டுபோய் நாம் நிறுத்துவது எப்படிப்பட்ட இடத்தில் என்பதை எண்ணி நாங்கள் சிரித்துக்கொள்வதுண்டு.

நிற்கும் ஸ்டாண்டைவிட நகரும் டிராலி இன்னும் மோசம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு சக்கரம் 1 சென்டிமீட்டர் உயரத் தடையில் ஏற, அதன் மேல் உள்ள சுமையில் முக்கால் பங்கு விசை தேவைப்படும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்குப் பாதிக்கும் சற்றுக் குறைவான விசை போதும். தளத்தின் இணைப்புக் கோட்டில் உடைந்துபோன காங்கிரீட் விளிம்பு, வடிகால் மூடியின் ஓரம், கதவு நிலையின் படி ஆகிய எல்லாமே 1 சென்டிமீட்டர்தான். சிறு சக்கரம் அங்கே நின்றுவிடும். தள்ளுகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே உந்தாக உந்துவார்கள். அந்த உந்தலில்தான் ஷீட்டின் மேல் விளிம்பு ஆட்டம் காண்கிறது.

ஒருமுறை எட்டு ஷீட்டுகள் ஏற்றிய டிராலியின் ஒரு முன்சக்கரம் வடிகால் மூடியின் ஓரத்தில் இறங்கியது. ஷீட்டுகளை டிராலியோடு பிணைக்கும் பெல்ட்டைக் கட்டியிருக்கவில்லை, பத்தடி தூரம்தானே என்று. மேல் விளிம்பு மெதுவாக, மிக மெதுவாகத்தான், என் பக்கம் வந்தது. என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே எழுந்தன. பின்னால் இருந்த மூத்த தொழிலாளி "விட்றா, ஓடுறா" என்று கத்திக்கொண்டே என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க முடியாது. விழும் கண்ணாடியைப் பிடிக்கக் கூடாது என்பதை எல்லாரும் வாயால் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் கை அதைக் கேட்பதில்லை. ஆகவே கை எட்டும் இடத்தில் ஆள் நிற்காதபடி டிராலியைத் தள்ள வேண்டும். ஷீட்டின் நீளவாக்கில் டிராலி நகர வேண்டும், தள்ளுபவர்கள் இரு முனைகளிலும் நிற்க வேண்டும், கண்ணாடியின் முகத்துக்கு நேராக யாரும் நடக்கக் கூடாது. சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழையவே கூடாது.

கையுறை, மணிக்கட்டு உறை, பாதுகாப்புக் காலணி, கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துத் தூக்கும் சக்ஷன் கப்பில் தூசியும் ஈரமும் இல்லாமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். அவை வெட்டுக்காயத்தைக் குறைக்கும். இரண்டரை டன்னைத் தடுக்காது.

கூடம் முழுவதும் தளத்தைப் பெயர்த்துப் போடச் சொல்கிறேன் என்று முதலாளிகள் அஞ்ச வேண்டாம். ஸ்டாண்டுகள் நிற்கும் இடங்களையும் டிராலி போகும் பாதையையும் மட்டும் வண்ணக்கோடு போட்டுக் குறித்து, அந்த இடங்களை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தினால் போதும். அதுவும் இயலாத இடத்தில், காலின் அடித்தகட்டுக்குக் கீழே இரும்புத் தகடுகளைத் தேவையான கனத்துக்கு வைத்து, சுருங்காத சிமெண்ட் கலவையால் நிரப்பி, போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கிவிடலாம். ஆப்பு என்ற பொருளே கூடத்தில் இருக்கக் கூடாது. இரு பக்க ஸ்டாண்டில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் பக்கம் மாற்றி மாற்றிச் செய்து, இரு பக்க எடையையும் ஏறக்குறையச் சமமாக வைத்திருக்க வேண்டும்.

சாய்வைச் சோதிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஸ்டாண்டின் சாய்ந்த முகத்தில் அடியிலிருந்து 2 மீட்டர் உயரத்தைக் குறித்து, அங்கிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, முகத்தின் அடி விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள கிடைத் தூரத்தை அளந்தால் போதும். 5 பாகைக்கு அது பதினேழரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பத்தரை என்று வந்தால் 3 பாகைதான் மிஞ்சியிருக்கிறது. அந்த ஸ்டாண்டில் பெல்ட்டை அவிழ்க்கக் கூடாது. காலியாக இருக்கும்போது ஒருமுறை, சுமை ஏறிய பிறகு ஒருமுறை அளக்க வேண்டும், ஏனெனில் எடை ஏறியதும் பலவீனமான தளம் அமுங்குகிறது.

தங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப்பட்ட செய்தி வரும்போது, இறந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பதோடு, அந்த ஸ்டாண்டின் நான்கு கால்களும் தரையில் பட்டிருந்தனவா, ஏதாவது ஒரு காலுக்கு அடியில் என்ன செருகியிருந்தார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கண்ணாடி வெட்டும் தொழிலாளி