அப்பா வழியிலும் வரும்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா தேறி வருகிறாள். கீமோ முடிந்து தலைமுடி சுருள் சுருளாக முளைத்திருக்கிறது. மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போடப் போகாதே என்று நாங்கள்தான் அதட்ட வேண்டியிருக்கிறது.

உனக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு வயது 43தான். மார்பில் வந்த புற்றுக்கட்டியும் ஹார்மோன் மாத்திரைக்கோ, ஹெர்2 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிக்கோ கட்டுப்படாத வகை. அதனால் கோவை டாக்டர் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பிறவியிலேயே பழுது இருக்கிறது என்று முடிவு வந்தது.

"எங்க வழியில யாருக்குமே இல்லையே" என்று அம்மா அழுதார். அவர் சொன்னது சரிதான். டாக்டர் இரண்டு பக்க உறவுகளையும் கேட்டு எழுதியபோதுதான் பெரிய அத்தை நினைவுக்கு வந்தார். வயிற்றில் நீர் கோத்துச் சின்ன வயதிலேயே போனவர். அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். அப்பாவுக்கும் சோதித்தார்கள். பழுது அவரிடமிருந்துதான் வந்திருக்கிறது. 74 வயதிலும் தினமும் தோட்டத்துக்குப் போய்வரும் மனிதர், அன்று யாரிடமும் பேசவில்லை.

இந்த மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என நமக்கு இரண்டு பிரதியாக வருகிறது. டிஎன்ஏ இழை இரண்டும் அறுந்து போனால் பிழையில்லாமல் சேர்க்க உதவுவது இதன் வேலை. ஒரு பிரதி பிறவியிலேயே பழுதானவர்களுக்கு, ஏதோ ஒரு செல்லில் மற்றதும் கெட்டுப்போனால் அங்கே பிழைகள் சேர ஆரம்பிக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு இப்படி ஒற்றை மரபணு காரணமாக இருக்கும் என்பதைப் பலர் நம்பாத காலத்தில், மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க மரபணு விஞ்ஞானி பல ஆண்டுகள் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து, அது 17-ஆவது குரோமோசோமில் இருப்பதை 1990-இல் காட்டினார். 1994-இல் மரபணுவே பிடிபட்டது. அந்த அம்மாவின் பிடிவாதத்தை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இதற்காக எல்லாப் புற்றுநோயும் பரம்பரை என்று பயந்துவிடாதே. நூற்றில் ஐந்திலிருந்து பத்துதான் அப்படி. ஆனால் பிஆர்சிஏ1 பழுது இருக்கும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. சினைப்பை ஆபத்தும் மிக அதிகம். அக்கா சினைப்பைகளை எடுத்துவிடச் சம்மதித்திருக்கிறாள்.

அவளுக்கு இப்போது ஓலாபரிப் மாத்திரை, ஒரு வருடத்துக்கு. டாக்டர் விளக்கியதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. புற்று செல் ஏற்கெனவே ஒரு பழுதுபார்க்கும் வழியை இழந்திருக்கிறது. பார்ப் என்ற புரதத்தை வைத்து இன்னொரு வழியில் சமாளிக்கிறது. இந்த மாத்திரை அதையும் மறித்துவிடுவதால் அந்தச் செல் செத்துப்போகிறது. நல்ல செல்லில் ஒரு பிரதியாவது ஒழுங்காக இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். எந்தப் பழுது நோயைக் கொண்டுவந்ததோ, அதையே பிடித்து அடிக்கிறார்கள். என்ன, சோர்வும் குமட்டலும் இருக்கின்றன, விலையும் அதிகம்.

எனக்கும் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அவள்தான் என் கையைப் பிடித்து, "உனக்காச்சும் இல்லையே சாமி" என்றாள்.

அண்ணனுக்குத்தான் இன்னும் எடுக்கவில்லை. பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று அண்ணி தடுக்கிறார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அண்ணனிடம் அந்தப் பழுது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இல்லை என்று வந்துவிட்டால் இரண்டு பெண்களுக்கும் அவர் வழியில் அது வரவே வராது, அவர்களுக்குச் சோதனையே வேண்டாம். இருக்கிறது என்று வந்தால் பெண்கள் சோதித்துக்கொள்ளலாம். அவர்களுக்கும் இருந்தால் 25 வயதிலிருந்து வருடா வருடம் எம்ஆர்ஐ எடுத்துக் கட்டியைச் சின்னதிலேயே பிடிக்கலாம். குலம், கூட்டமெல்லாம் அப்பா வழி, பொம்பளைங்க சீக்கு அம்மா வழி என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம். மரபணுவுக்கு அதெல்லாம் தெரியாது. மறுபடியும் பேசப்போகிறேன், விடமாட்டேன்.

இப்போது உன் விஷயம். உன் அத்தைமார் இருவருக்கும் ஐம்பதுக்கு முன்னாலேயே மார்பில் கட்டி வந்ததல்லவா? நீ ஆஸ்பத்திரிப் படிவத்தில் அம்மா வழியை மட்டும் நினைத்து "யாருக்கும் இல்லை" என்று எழுதியதாகச் சொல்லியிருந்தாய். அதை மாற்றிச் சொல். நோய் வந்தவருக்குத்தான் முதலில் சோதிக்க வேண்டும், அப்போதுதான் எந்தப் பழுதைத் தேடுவது என்று தெரியும். பெருந்துறை அத்தை நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடு, அவருடைய பழைய பயாப்ஸி தாள்களையும் வாங்கி வை. பாரியூர் கோயில் குண்டம் திருவிழாவுக்கு வரும்போது கொண்டு வா, இரண்டு பேருமாகக் கோவை போய் மரபணு ஆலோசகரைப் பார்த்து வரலாம். அத்தையிடம் பேசிய உடனே எனக்கு எழுது.

அன்புடன்,
கலா