துஷினைப் பார்க்காமல் மூடிவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்த நேரம் நான் கண்புரை அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன். மருமகள்தான் வாசித்துக் காட்டினாள். உன் மூட்டுவலி இரண்டு பக்கம் ஓடியதைப் பொறுத்துக்கொண்டேன். தல்ஸ்தோயின் 'போரும் வாழ்வும்' நாவலைப் பாதியில்கூட இல்லை, பீட்டர்ஸ்பர்க் விருந்திலேயே மூடிவிட்டாய் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரே ஆளுக்கு நாலு பெயர் என்கிறாய். நமக்கு இனிஷியலாக நிற்கும் அப்பா பெயர், அங்கே முழுசாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. இல்யாவின் மகள் நத்தாலியா இல்யீனிச்னா; வீட்டில் நத்தாஷா. அவ்வளவுதான்.

இளமையில் படித்தபோது எனக்கு அந்திரேய் மட்டும்தான் நாயகன். ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் அடிபட்டு விழுந்து வானத்தைப் பார்ப்பானே, அந்தப் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்வேன். இந்த முறை கண் போனதெல்லாம் ஓரத்தில் நிற்பவர்கள் மேல்.

துஷின் என்று ஒரு பீரங்கிப்படை கேப்டன். முதலில் வரும்போது காலில் பூட்ஸ்கூட இல்லை. 1805இல் பிரெஞ்சுப் படையோடு ஷோன்கிராபனில் நடக்கும் சண்டையில் அவனையும் நான்கு பீரங்கிகளையும் எல்லோரும் மறந்தே போகிறார்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரில் பதினேழு பேர் விழுந்துவிட்டார்கள். அவனோ தன்னை ஒரு ராட்சதனாக நினைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் குண்டுகளை எடுத்துப் பிரெஞ்சுக்காரர்கள் மேல் எறிவதாகக் கற்பனை செய்கிறான்! மாலையில் தளபதி, பீரங்கியை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்கிறார். காவலுக்கு ஒரு படையும் இல்லை என்பதுதான் உண்மை. சொன்னால் வேறொரு அதிகாரி மாட்டிக்கொள்வானே என்று, கண்ணில் நீர் முட்ட வாயடைத்து நிற்கிறான். அந்திரேய்தான் அவனுக்காகப் பேசுகிறான். பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் துஷினை மறுபடி பார்ப்பாய், ஒரு கை இல்லாமல்.

1812இல் மாஸ்கோவைக் கைவிடுவது என்று ரஷ்யத் தலைமைத் தளபதி குத்தூசவ் முடிவெடுக்கும் ஆலோசனையைத் தல்ஸ்தோய் யார் கண் வழியாகக் காட்டுகிறார் தெரியுமா? அடுப்புத் திண்ணையில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஆறு வயது மலாஷா. அவளுக்கு அது தாத்தாவுக்கும் (குத்தூசவைத்தான் அப்படி நினைக்கிறாள்) நீளக் கோட்டுக்காரரான இன்னொரு தளபதிக்கும் நடக்கும் சண்டை. அவள் தாத்தா கட்சி.

பேத்யாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நத்தாஷாவின் தம்பி. வயது வருமுன்பே போருக்கு வந்தவன், பையில் இருந்த உலர்திராட்சையை அதிகாரிகளிடம் நீட்டி, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். மறுநாள் காலையில் தலையில் குண்டு. உடலைத் திருப்பிப் பார்க்கும் படைக்குழுத் தலைவன் தெனிசவுக்கு அந்தத் திராட்சைப் பேச்சுதான் நினைவுக்கு வருகிறது. வேலியைப் பிடித்துக்கொண்டு அவன் எழுப்பும் ஓசை நாய் குரைப்பதுபோல் இருக்கிறதாம். அங்கே புத்தகத்தை வைத்துவிட்டு, பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீர் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அது வேறு.

விருந்துப் பேச்சை வேண்டுமானால் தாண்டிப் போ. துஷின் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுது. மூட்டுக்கு என்ன தைலம் போடுகிறாய் என்பதையும் சேர்த்து எழுது. இங்கே வீட்டில் அவளுக்கும் வலிக்கிறது.

உன்,
பழைய வகுப்புத் தோழன்