ஸ்பிரிட் பெர்மிட்டும் சரித்திரம்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரிகளின் பழைய ஆவணங்களைப் பாதுகாப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓலைச்சுவடி, அரிய நூல், ஆராய்ச்சிக் குறிப்பேடு எல்லாம் அதில் இருந்தன. அலுவலகக் கோப்புகள் பற்றி ஒரு வரிகூட இல்லை. மதுரையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராகவும் கண்காணிப்பாளராகவும் இருந்தவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் முதல்வர் வேதியியல் பேராசிரியர். துறைத் தலைவராக இருந்து முதல்வர் ஆனவர். காலையில் ஆய்வகம், மதியத்துக்கு மேல் கோப்பு என்றே அவர் நாள் போகும். எதற்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார். அவர் காலமானதும் வீட்டு மாடியில் இருந்த பெட்டிகளை எடுத்துக்கொள்கிறீர்களா என்று பிள்ளைகள் கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விஷயம் தெரிந்து நான் போய்ச் சேர்வதற்குள் பாதிக்கு மேல் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. மிஞ்சிய நான்கு பெட்டிகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன.

அவற்றில் ஒரு கட்டு முழுக்க ஸ்பிரிட் பெர்மிட், அதாவது ஆய்வகத்துக்கு ஆல்கஹால் வாங்குவதற்கான அனுமதித் தாள்கள். 1971-ல் தளர்த்திய மதுவிலக்கு 1974-ல் திரும்பவும் வந்தது. ஆய்வகத்துக்கு வாங்கும் ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டுக்கு உரிமம், இருப்புப் பதிவேடு, எந்தச் செய்முறைக்கு எத்தனை மில்லி லிட்டர் செலவானது என்ற கணக்கு எல்லாம் அதில் உண்டு. அப்புறம் வைகை வறண்ட ஒரு கோடையில் சார் கைப்பட எழுதிய கால அட்டவணை. காய்ச்சி வடிக்கும்போது குளிர்விக்கும் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அதனால் அந்தச் செய்முறைகளை எல்லாம் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு மாற்றியிருக்கிறார். மதுரையில் அன்றைக்கு வேதியியல் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை எந்தப் பாடநூலும் இப்படிச் சொல்லாது.

1978-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு வந்தது, கல்லூரிகளில் பட்டப்படிப்புக்கு முந்தைய புகுமுக வகுப்பு போனது. அதே ஆண்டில் மதுரைக் கல்லூரிகள் சிலவற்றுக்குத் தன்னாட்சி கிடைத்தது. மதுரைப் பல்கலைக்கழகம் காமராசர் பெயரைப் பெற்றது. அரசாணைகளை இன்றும் தேடி எடுக்கலாம். ஆனால் பாடவேளை குறைந்த ஆசிரியர்களை என்ன செய்வது என்று ஒரு முதல்வர் பட்ட கவலை, கோப்பின் ஓரத்தில் அவர் எழுதிய குறிப்பில்தான் இருக்கிறது.

முடிந்த கோப்புகளை ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று பிரிப்பது அலுவலக வழக்கம். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று கோப்பை வைத்திருக்க வேண்டிய காலத்தை அவை குறிக்கும். பணி நியமனக் கோப்புகள் தப்பித்துவிடும். தண்ணீர் நேர அட்டவணை ஓராண்டிலேயே குப்பைக்குப் போகும். விதிப்படி அது சரிதான். அதனால்தான் சொல்கிறேன், அழிக்கும் முன் விஷயம் தெரிந்த ஒருவர் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ரகசியம் வெளியே போய்விடும் என்று சிலர் தயங்குகிறார்கள். நியாயமான பயம்தான், அதற்கும் வழி இருக்கிறது. 1933 முதல் 1953 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட்டும் வேதியியல் பேராசிரியர்தான். அவருடைய தாள்களை அந்தப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. அங்கே நிர்வாகக் கோப்புகளை 50 ஆண்டும், மாணவர், பணியாளர் பற்றியவற்றை 80 ஆண்டும் பூட்டி வைத்து, அதன் பிறகே திறந்துவிடுகிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாமே.

ஆனால் தாள் அவ்வளவு காலம் தாங்க வேண்டும். மை ஊறாமல் இருக்கப் படிகாரம் சேர்த்துச் செய்த தாள், நாளாக ஆக அமிலமாகித் தன்னைத்தானே அரித்துக்கொள்ளும் என்று சார் அடிக்கடி சொல்வார். அவர் கோப்புகளிலேயே அதைப் பார்க்கிறேன். மடித்த இடத்தில் தொட்டால் உதிர்கிறது. குண்டூசி துருவேறி, குத்திய இடமெல்லாம் ஓட்டை. 90-களில் வந்த பேக்ஸ் தாள்கள் வெளுத்து வெறும் தாளாகிவிட்டன. வீட்டில் இப்படிப்பட்ட கட்டுகள் வைத்திருப்பவர்கள் முதலில் ஊசிகளை எடுத்துவிடுங்கள். பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். பேக்ஸில் எழுத்து தெரியும்போதே நகல் எடுங்கள். தரையில் மட்டும் வைக்காதீர்கள், கரையான் ஒரு மழைக்காலத்தில் முடித்துவிடும்.

ஒவ்வொரு கல்லூரியும் ஓர் அறையும் இரண்டு இரும்பு அலமாரியும் ஒதுக்கினால் போதும். முடியாத கல்லூரிகளுக்காகப் பல்கலைக்கழக நூலகமோ, 2023-ல் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமோ இடம் கொடுக்க வேண்டும்.

நான்கு பெட்டிகளில் உள்ளவற்றுக்கும் பட்டியல் எழுதி முடித்துவிட்டேன். பிள்ளைகளும் சம்மதித்துவிட்டார்கள். எடுத்துக்கொள்ளும் நூலகத்துக்கு நானே கொண்டுவந்து தருகிறேன். எந்தக் குறிப்பு யாருடைய கையெழுத்து என்று சொல்ல எத்தனை நாள் வேண்டுமானாலும் வந்து உட்காரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
பசுமலை, மதுரை.